மன்னார்க் காற்றாலை: வேண்டும், வேண்டாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுமா?

சோழகம் (மன்னார்)

கொழும்பில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் போன கிழமை கேட்டான்: "புகையில்லாத மின்சாரம் என்று எல்லா இடத்திலும் காற்றாலை கேட்கிறார்கள். உங்கள் ஊர்ச் சனம் மட்டும் ஏன் வீதியில் இறங்கி மறிக்கிறது?" தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் விட்டதை மற்றவர்கள் சொல்லுங்கள்.

காற்றோடு எங்களுக்குப் பகை இல்லை. வைகாசி பிறந்தால் சோழகம், மார்கழியில் வாடை, இடையில் கச்சான், கொண்டல். காற்றின் பெயரைப் பார்த்துத்தான் அப்பா கடலுக்கு இறங்கினார். அந்தக் காற்றில் மின்சாரம் எடுக்கப்போகிறார்கள் என்றபோது எங்கள் வீட்டில் ஒருவரும் எதிர்க்கவில்லை. 2020 டிசம்பர் 8 அன்று தம்பபவனி என்ற காற்றாலை நிலையம் திறக்கப்பட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 கோபுரங்கள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. மின்சார சபையின் சொந்தத் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். பிறகு அதானி குழுமத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் என்று பேச்சு வந்தது. மன்னாரில் மட்டும் இன்னும் 52 கோபுரங்கள். உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனமே விலகிக்கொண்டது. அத்தோடு அடங்கும் என்று நினைத்தோம், அடங்கவில்லை. வேறு திட்டங்கள் வந்தன. 2025 ஓகஸ்டில் கோபுரப் பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களைச் சனம் மறித்து நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

தீவு சின்னது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர். பல இடங்கள் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. மாரி மழை மணலில் ஊறும், மிச்சம் தாழ்வான வழிகளால் கடலுக்குப் போகும். எங்கள் வளவுக்குப் பின்னால் புது வீதி ஒன்று மேடாக எழும்பிய பிறகு வெள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்பு ஒரு நாளில் வடிந்த தண்ணீர் இப்போது பனையடியில் நாட்கணக்கில் கிடந்து நாறுகிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். வந்து பார்த்தவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள்.

இதே மணலுக்குள் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது என்று அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று துளை போட்டு மாதிரி எடுத்தது. மேலே கோபுரம், கீழே கனிய மணல், நடுவில் குடிக்கிற தண்ணீர். நண்பனுக்கு விளங்காத இடம் இதுதான்.

மன்னாரை மட்டும் வைத்துப் பேசாமல் ஐந்து மாவட்டத்தையும் வைத்துப் பேசுவோம். வட மாகாணத்தில் காற்று, வெயில், கடல், சுண்ணக்கல், காடு எல்லாம் இருக்கின்றன. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? உங்கள் ஊரில் என்ன நிலைமை?


மின்கம்பி (வவுனியா)

நான் மின் பொறியியல் படித்தவன், இந்தத் துறையில்தான் வேலை. அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

ஏன் எல்லோரும் மன்னாருக்கே வருகிறார்கள்? இலங்கையில் இவ்வளவு சீராகவும் பலமாகவும் காற்று வீசும் இடங்கள் மிகக் குறைவு. தென்மேல் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, உங்கள் சோழகம் நிற்காமல் அடிக்கும். வாடையில் இன்னொரு சுற்று வரும். அந்தக் காற்றுக்கு எரிபொருள் செலவு இல்லை. சுன்னாகத்தில் உத்துரு ஜனனி என்ற 24 மெகாவாட் மின் நிலையம் உலை எண்ணெயில் ஓடுகிறது. அந்த எண்ணெய் கப்பலில் வரவேண்டும், டொலர் கொடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே. 2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வளத்திலிருந்து என்று அரசு இலக்கு வைத்ததன் பின்னால் அந்தப் பயமும் இருக்கிறது.

விலையையும் பாருங்கள். அதானியோடு பேசிய விலை ஒரு அலகு (கிலோவாட் மணி) மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்கச் சதம். பிறகு போட்டி விலைமனுவில் மன்னாரின் 50 மெகாவாட் திட்டம் ஒன்றுக்கு 4.65 சதம் வந்தது. இரண்டும் ஒரே ஊர்க் காற்று. ஆகவே "காற்றாலை வேண்டாம்" என்பதைவிட "பேரம் பேசாமல் கொடுக்காதே" என்று கேட்பதுதான் நாட்டுக்கு இலாபம் என்பது என் கருத்து.


பூநாரை (வங்காலைப் பக்கம்)

விலைக்கணக்கு சரி தம்பி. ஆனால் அதில் ஒரு நிரல் குறைகிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளாடிப் பக்கம் போய்ப் பறவை பார்ப்பது வழக்கம். வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனமானது, 2010இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியலில் சேர்ந்தது. 4,839 ஹெக்டேயர். சைபீரியா, மத்திய ஆசியா என்று எங்கெங்கோ இருந்து பறந்து இந்தியா வழியாக இறங்கி வரும் பறவைகளுக்கு மன்னார்தான் இலங்கையின் வாசல். ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கில் இறங்கும். உள்ளான்கள் சேற்றில் ஓடித் திரியும். பூநாரைக் கூட்டம் தலையைக் கவிழ்த்து மேயும்போது களப்பே இளஞ்சிவப்பாகத் தெரியும். முதன்முறை பார்க்கிற பிள்ளை பேச்சு நின்றுபோய் நிற்கும். அதற்காகவே ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

காற்றாலையின் இறக்கைதான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பூநாரை மாதிரி உடல் பாரமான, கூட்டமாகப் பறக்கிற பறவைக்கு அதைவிட உயரழுத்தக் கம்பிதான் எமன். அந்தி மங்கலிலும் இரவிலும் ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கம்பி கண்ணில் படாது. தீவில் காற்றாலைகள் நிற்கிற நடுக்குடாவில் எடுக்கிற மின்சாரம் பெருநிலத்துக்குப் போகிற வழி இந்த ஈரநிலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கோபுரம் எத்தனை என்று பேசுகிறவர்கள் கம்பி எங்கே போகிறது என்று கேட்பதில்லை.


மின்கம்பி (வவுனியா)

ரீச்சர், நீங்கள் சொன்னது நியாயம். கம்பியில் தெளிவாகத் தெரியும் நிற உருண்டைகளும் அடையாளத் தட்டுகளும் மாட்டலாம். நிலத்தடிக் கேபிளும் போடலாம், ஆனால் செலவு பல மடங்கு.

காலத்தையும் கவனியுங்கள். காற்று உச்சமாக அடிப்பது மே முதல் செப்டெம்பர் வரை. பறவைகள் நிற்பது ஒக்ரோபர் முதல் மார்ச் வரை. இரண்டும் பெரும்பாலும் மாறி மாறி வருகின்றன. பறவை நகர்வு கூடிய இரவுகளில் மட்டும் கோபுரங்களை நிறுத்தி வைத்தால் இழக்கிற மின்சாரம் அவ்வளவு பெரிதாக இராது. ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதினால்தான் அது நடக்கும். பிறகு கேட்டால் நட்டஈடு கேட்பார்கள்.


பூநாரை (வங்காலைப் பக்கம்)

வாடைக் காற்றுக் காலத்தில் பறவையும் காற்றும் சேர்ந்துதான் இருக்கும், அதை மறக்கவேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும் என்று சொன்னீர்களே, அந்த ஒரு வரிக்காக நன்றி தம்பி. இத்தனை நாள் கூட்டங்களில் ஒருவரும் அப்படிச் சொல்லக் கேட்கவில்லை.


குளக்கட்டு (கிளிநொச்சி)

நீர்ப்பாசனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். காற்றைப் பற்றி இளையவர்கள் பேசுங்கள், நான் தண்ணீரைப் பேசுகிறேன். கடைசியில் இரண்டும் ஒரு இடத்தில்தான் வந்து முட்டும்.

யாழ் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும். அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தேங்கி நிற்கிறது. அந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் பாரம், நன்னீர் இலேசு. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதன் கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதன் சாட்சி.

பெருநிலத்தில் கதை வேறு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம்தான் எங்கள் உயிர். அதன் அணைக்கட்டை உயர்த்தி ஒரு பங்கு தண்ணீரைக் குடாநாட்டுக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்று போருக்குப் பிறகு திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் ஒப்பவில்லை. சிறுபோகத்துக்கே, அதாவது கோடை நெல்லுக்கே, தண்ணீர் போதாத வருடங்களைக் கண்டவர்கள் அவர்கள், அந்தப் பயத்தில் தப்பில்லை. குடாநாட்டுத் தாய்மார் குடத்தோடு நின்றதும் உண்மை. இரண்டு பக்கமும் எங்கள் சனம். அந்த நாட்களில் கூட்டங்களுக்குப் போய்விட்டு வந்தால் இரவு நித்திரை வராது.

முடிவில் என்ன நடந்தது? வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை கட்டினார்கள். 2024 ஓகஸ்டில் திறந்தது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர். இங்கேதான் தம்பி மின்கம்பி உங்கள் உதவி வேண்டும். ஒரு கன மீற்றர்க் கடல்நீரை இப்படி நன்னீராக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை என்று படித்திருக்கிறேன். நாளைக்கு எவ்வளவு வரும்?


மின்கம்பி (வவுனியா)

ஐயா, நல்ல கேள்வி. மூன்றரை அலகு என்று எடுத்தால் முழு உற்பத்தியில் நாளொன்றுக்கு 84,000 அலகு. இரவு பகலாக மூன்றரை மெகாவாட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தம்பபவனியில் ஒரு கோபுரம் முழு வேகத்தில் சுற்றினால் தருவது 3.45. காற்று எப்போதும் முழு வேகத்தில் வீசாது என்பதால், இரண்டு மூன்று கோபுரத்தின் உழைப்பு அந்தத் தண்ணீருக்கே போகும்.

ஆண்டவனே, இதை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. குடாநாட்டின் குடிநீர் இனி மின்கட்டணத்தில் தொங்குகிறது.


செம்மண் (கோப்பாய்)

ஐயா சொன்ன அந்த ஒரு அடி, நாற்பது அடிக் கணக்கை என் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

பாட்டா காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் இறைப்பு. ஒருவர் துலாவில் நடப்பார், ஒருவர் கிணற்றடியில், ஒருவர் பாத்தி கட்டித் தண்ணீர் மாறுவார். மனிதன் களைத்தால் கிணறு இளைப்பாறும். நீரிறைக்கும் மெசின் வந்த பிறகு கிணற்றுக்கு ஓய்வு இல்லை. வெங்காயம், புகையிலை, மிளகாய் என்று எல்லாம் விளைந்தது, கையில் காசும் வந்தது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் காசில்தான் நாங்கள் படித்தோம். ஆனால் பத்து வருடத்துக்கு முன் எங்கள் கீழ்த்தோட்டக் கிணறு உப்பேறிச் சவராகிவிட்டது. வெங்காயத்தின் நுனி கருகத் தொடங்கியபோது நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். நோய் தண்ணீரில் இருந்தது.

இன்னொன்று நைத்திரேற்று. உரமும், மலசலக்கூடக் குழியும். சுண்ணக்கல் வடிகட்டாது, வெடிப்பு வழியே நேரே இறங்கிவிடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் கனக்க அதைத் தாண்டியவை. சிறு பிள்ளைகளுக்குத்தான் முதலில் கேடு.

சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். கிணற்றுநீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் நிலையம் நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மின்சாரம் எடுக்கப் போய்த் தண்ணீரை இழந்த கதை எங்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் மன்னார்ச் சனம் பயப்படும்போது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

காங்கேசன்துறையைக் கேட்டாலும் அப்படித்தான். 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை 1990இல் நின்றது. கல் அகழ்ந்த கிடங்குகள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன, பக்கத்தில் கீரிமலைக் கேணி, அதற்கு அப்பால் கடல். மீண்டும் கல் எடுக்கலாம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். அந்தக் கல்தான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. தாங்கியை உடைத்து விற்றுவிட்டுத் தண்ணீரை எதில் பிடிப்பது?


விடிவெள்ளி (யாழ்ப்பாணம்)

மன்னிக்கவேண்டும், எனக்கு இந்தப் பேச்சில் கொஞ்சம் கோபம் வருகிறது. காற்றாலை வேண்டாம், சீமெந்து வேண்டாம், இல்மனைட் வேண்டாம், இரணைமடுத் தண்ணீர் வேண்டாம். வேலை எங்கே? என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கனடாவில். மிச்சப் பேர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்து, அதை அனுபவிக்க ஆள் இல்லாமல் போனால் யாருக்கு?


செம்மண் (கோப்பாய்)

தம்பி, கோபப்படுங்கள், அது நல்லதுதான். தொண்ணூறுகளில் குடாநாட்டுக்கு மின்சாரமே இல்லாத வருடங்களில் நான் பள்ளிக்கூடம் படித்தேன். ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு. சைக்கிளைத் தலைகீழாக வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். மின்சாரத்தின் அருமை தெரியாமல் நான் பேசவில்லை. எதையும் செய்யவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில்கூடக் கிணற்றுத் தண்ணீர் இருந்ததால்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். அதை மட்டும் வைத்து விளையாடவேண்டாம் என்கிறேன்.


நெடுந்தீவான்

தீவுகளை மறந்துவிட்டீர்கள், அதனால் நான் எழுதவேண்டியதாகப் போயிற்று.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் மின்வலைப்பின்னலோடு தொடுப்பு இல்லை, டீசல் ஜெனரேற்றர்தான். டீசலும் படகில் வரவேண்டும். 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் காற்று, வெயில் கலந்த மின் திட்டத்தைக் கொடுத்தார்கள். இந்தியா ஆட்சேபித்தது, அது நின்றது. பிறகு இந்தியா நன்கொடையாகவே செய்து தருவதாகச் சொல்லி 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. மூன்று தீவுக்குமாகச் சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், 2,400 கிலோவாட்-மணி சேமிக்கும் பற்றரி, துணைக்கு டீசல். பெரிய நாடுகளுக்கு எங்கள் தீவு ஒரு புள்ளி. எங்களுக்கு அது குளிர்பெட்டியில் மீனை வைப்பதா, இரவே கருவாடாக்குவதா என்ற கேள்வி.

இந்தத் தொகையைப் பாருங்கள். ஊருக்கு அளவான திட்டம். பற்றரியோடு வருகிறது. எடுக்கிற மின்சாரம் எடுக்கிற இடத்திலேயே எரிகிறது. மன்னாரில் கோபுரத்தின் நிழலில் இருக்கிறவனுக்கு அந்த மின்சாரத்தில் என்ன சலுகை?

குதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை இன்றும் காட்டுக் குதிரையாகத் திரிகின்றன. 2015இல் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாகியது. ஆனாலும் கோடையில் தண்ணீர் வற்றினால் குட்டிகள் சாகும். ஊர் இளைஞர்கள் பவுசரில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டியில் விடுவதைப் பார்த்தால் கண் கலங்கும். பெருக்கமரமும் நிற்கிறது. வருகிறவர்கள் அதன் பொந்துக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருகிறவர்கள் குறைவு.


வன்னிமேடு (முல்லைத்தீவு)

யானைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

ஆனையிறவு என்ற பெயரே வன்னி யானைகளைக் குடாநாட்டுக்குக் கடத்திக் கொண்டுபோன வழியால் வந்தது. ஊர்காவற்றுறையை யானைத்துறை என்றே போர்த்துக்கேயர் அழைத்தார்கள். வன்னிக் காடு அந்தக் காலத்திலேயே ஏற்றுமதிப் பண்டம். இன்று யானையை ஒருவரும் வாங்குவதில்லை, முதிரை மரத்தைத்தான் இரவில் ஏற்றுகிறார்கள். பாலையும் வீரையும் நிற்கிற காடு மெலிய மெலிய யானை வயலுக்கு வரும். நெல் பொதி தள்ளும் நேரம் வயலில் காவல் இருந்து, விடிய நெல்லைப் பார்க்கும்போது மனம் எப்படி இருக்கும் என்று சொல்ல வார்த்தை இல்லை. யானை வெடி கொளுத்தி எங்களுக்குப் பழகிவிட்டது, அந்தச் சத்தம் யானைக்கும் பழகிவிட்டது.

சூரியசக்தியில் ஓடும் மின்வேலிதான் இப்போது கொஞ்சம் கைகொடுக்கிறது. அது நிற்கவேண்டுமானால் வேலிக்கு அடியில் புல் வெட்டவேண்டும், பற்றரி பார்க்கவேண்டும். ஊரவர்கள் முறை வைத்துப் பார்க்கிற இடத்தில் வேலி நிற்கிறது. போட்டுவிட்டுப் போன இடத்தில் யானை மரத்தைச் சாய்த்து வேலியைத் தாண்டிவிடும்.

போருக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது, தாங்கள் முன்பு உழுத காணிக்குள்ளேயே வனத்தின் எல்லைக்கல் நடப்பட்டிருந்ததைக் கண்டவர்களும் உண்டு. காடு வேண்டும் என்று சொல்ல எனக்கு முழு உரிமையும் உண்டு, ஏனென்றால் காட்டின் கரையில் வாழ்கிறவன் நான். ஆனால் வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் ஒரு தடவையாவது வந்து நின்று பார்க்கவேண்டும்.


வடலி

ஒரே ஒரு விடயம். பனையை வளமாகவே எண்ணாமல் இத்தனை பதிவு போய்விட்டது. மணல் பறக்காமல் பிடித்து வைப்பதும், வெட்டையில் நிழல் தருவதும் பனைதான். போரில் எத்தனையோ பனங்காடுகள் காப்பரணுக்குத் தறிக்கப்பட்டன. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது, ஆனாலும் ஏறுகிற ஆள் குறைந்துபோய்விட்டது. விடிவெள்ளித் தம்பி வேலை கேட்டார். ஒடியலும் பனாட்டும் கூடையும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனமே தேடித்தேடி வாங்குகிற பொருட்கள்.


பூநகரிக்காரி

மன்னார் வேண்டாமென்றால் பூநகரிக்குக் கொண்டுபோகலாம் என்று வேறு இடங்களில் எழுதுகிறார்கள். இங்கேயும் அந்தப் பேச்சு வரும் முன் சொல்லிவிடுகிறேன். கௌதாரிமுனையில் மணல் குன்றுகளும் களப்பும் பறவைகளும் எங்களுக்கும் உண்டு. கடலட்டைப் பண்ணையால் தொழிலுக்குப் போகும் வழியே குறுகிவிட்டது என்று ஏற்கெனவே சிறுதொழில் செய்கிறவர்கள் கவலைப்படுகிறார்கள். ஒரு ஊரின் பாரத்தை இறக்கி இன்னொரு ஊரின் தலையில் வைப்பது தீர்வாகாது.

நான் காற்றாலைக்கு எதிரி அல்ல. பளைப் பக்கம் 2014இலிருந்தே தலா 10 மெகாவாட் நிலையங்கள் இரண்டு ஓடுகின்றன, கண்டி வீதியால் போனால் தெரியும். எங்கே நடுவது என்று முடிவு எடுத்த பிறகு கூட்டம் கூட்டுவதை விட்டுவிட்டு, முடிவுக்கு முன் கூப்பிடுங்கள் என்கிறோம்.


மின்கம்பி (வவுனியா)

அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பூநகரியை நானும் மனதில் வைத்திருந்தேன், எழுதாமல் விட்டது நல்லதாகிவிட்டது.

விடிவெள்ளிக்காக இன்னொரு கோணம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கால் தொடங்கிய கோளாறில் முழு நாடும் இருண்டது. நண்பகல், வெயில் மின்சாரம் நிறைய, பாவனை குறைவு. அந்த நிலையில் வலைப்பின்னல் ஒரு அதிர்ச்சியைத் தாங்கவில்லை. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் வீட்டுக்கூரைச் சோலரைக் காலை முதல் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பகலில் மின்சாரத்தை வேண்டாம் என்கிறோம், இரவில் எண்ணெய் எரிக்கிறோம். குறைவது மின்சாரம் என்பதைவிட அதைச் சேமித்து வைக்கும் வசதி.

தாளையடி ஆலையைப் பகல் வெயிலில் கூடுதலாக ஓடவிட்டுத் தண்ணீரைத் தாங்கியில் நிரப்பலாம். தண்ணீரைச் சேமிப்பது மின்சாரத்தைச் சேமிப்பதைவிட மலிவு. தோட்டக் கிணற்று மெசின்களும் சோலரில் ஓடலாம், ஆனால் செலவில்லை என்று இரவும் பகலும் இறைத்தால் ஐயா சொன்ன உப்பு மேலே வரும். அதனால் பனல் கொடுக்கும்போதே நாளொன்றுக்கு இவ்வளவுதான் இறைக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு கொடுக்கவேண்டும். இந்த வேலைகளைப் பூட்டவும் பராமரிக்கவும் ஊரில் பயிற்சி பெற்ற பொடியள் வேண்டும். அதைத்தான் நான் வேலைவாய்ப்பு என்கிறேன்.


விடிவெள்ளி (யாழ்ப்பாணம்)

சரி அண்ணா, இது எனக்கு விளங்குகிறது. நான் கேட்டதும் இதைத்தான். கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறதாமே, அதிலாவது ஏதாவது வருமா?


மின்கம்பி (வவுனியா)

2011இல் மன்னார்க் கடற்படுகையில் கெயார்ன் நிறுவனம் இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது உண்மை. 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழ்கடல். எடுக்கிற செலவு பெரிது. 2015இல் அவர்கள் போய்விட்டார்கள். அதை நம்பி வீட்டுத் திட்டம் போடவேண்டாம்.


சோழகம் (மன்னார்)

கடல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் உண்மையான வளம் கடலடிப் புல்தான். அதில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும். கடற்பன்றி என்று நாங்கள் சொல்கிற ஆவுளியாவும் அந்தப் புல்லை மேய்ந்துதான் வாழும், இப்போது காண்பதே அரிது. இழுவைமடி அந்தப் புல்லை வேரோடு வழித்துக்கொண்டு போகும். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அக்கரையிலிருந்து வரும் றோலர்கள் நிற்கவில்லை. அவர்களும் தமிழர், தொழிலாளர், அதுவும் தெரியும். ஆனால் ஒரு இரவில் வலை அறுந்தால் எங்கள் வீட்டில் ஒரு மாதம் கடன். அப்பா அறுந்த வலையை முற்றத்தில் விரித்துவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்த காலை எனக்கு மறக்காது.

இங்கே எழுதியதை எல்லாம் படித்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆதாரம் இல்லை. கூட்டத்தில் "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று நாங்கள் சொன்னால், "முன்பு எப்படி இருந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறதா" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இல்லை. நினைவு மட்டும்தான் இருக்கிறது.

குளக்கட்டு ஐயா, ஊர்க் கிணறுகளை நாங்களே அளந்து எழுதி வைக்க முடியுமா? எப்படித் தொடங்குவது?


குளக்கட்டு (கிளிநொச்சி)

முடியும் மகன், பெரிய படிப்புத் தேவையில்லை. உப்பு அளக்கும் சிறிய கைக்கருவி ஒன்று ஊருக்கு ஒன்று போதும், மின்கடத்துதிறன் காட்டுவது. கயிற்றில் ஒரு பாரம் கட்டி, அடிக்கணக்கு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றுக் கட்டில் ஒரு இடத்தில் பெயின்ற் அடித்துக் குறி வையுங்கள், எப்போதும் அந்தக் குறியிலிருந்தே தண்ணீர் மட்டம் வரை அளக்கவேண்டும். விடிய, மெசின் போடும் முன் அளக்கவேண்டும். இறைத்த பிறகு அளந்தால் கணக்குப் பிழைக்கும். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில். தை மாதத்தில், மாரி முடிந்த கையோடு எடுக்கும் அளவும், புரட்டாசியில் மழைக்கு முன் எடுக்கும் அளவும் மிக முக்கியம், அந்த இரண்டையும் மட்டும் தவறவிடாதீர்கள். மேல்தண்ணீரை ஒரு முறை, வாளியை ஆழத்தில் விட்டு எடுத்த தண்ணீரை ஒரு முறை என்று இரண்டு அளவு எழுதுங்கள். கொப்பியில் பேனையால் எழுதுங்கள். ரீச்சர் பக்கத்தில்தானே, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பூநாரை (வங்காலைப் பக்கம்)

எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நான் கூட்டி வருகிறேன் ஐயா. கம்பி வழியின் கீழ் மாதம் ஒரு முறை நடந்து, விழுந்து கிடக்கும் பறவைகளையும் எண்ணி அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதலாம். ஒன்றும் இல்லாத மாதத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பதிவை ஒருவரும் நம்பமாட்டார்கள்.


சோழகம் (மன்னார்)

கருவி விலையை விசாரித்துவிட்டு நாளை இங்கே போடுகிறேன். முதல் கிணறு எங்கள் வீட்டுக் கிணறு. அம்மா கிணற்றுக் கட்டில் குறி வைக்க இப்போதே நீலப் பெயின்ற் தேடுகிறா.